ஒரு படி நல்லெண்ணெய்

என் வீட்டுக்காரர் பேரை நான் வாயால் சொல்வதில்லை. தெரிய வேண்டுமானால் புதுவாயல் கூட்டுரோட்டில் எங்கள் பட்டறைப் பலகையைப் படித்துக்கொள்ளலாம்: ஆதிநாராயணன் பம்ப்செட் ஒர்க்ஸ். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் எந்த இன்ஜின் மக்கர் செய்தாலும் ஆள் இங்கேதான் வரும். மனிதர் ரொம்பப் பொறுமைசாலி. அந்தப் பொறுமையை எல்லாம் இன்ஜினுக்கே செலவழித்துவிடுவார், வீட்டுக்கு மிச்சம் வருவது கொஞ்சம்தான். எனக்குப் பொறுமையும் கிடையாது, மிச்சமும் கிடையாது. எனக்குக் கோபம் வந்தால் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இது அறுபத்தொன்பதாம் வருஷத்துச் சங்கதி. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், ரிட்டையர் ஆன ஒரு மிலிட்டரிக்காரரிடமிருந்து ஐந்நூறு சி.சி. சீமை மோட்டார் சைக்கிள் ஒன்றை அவர் வாங்கிக்கொண்டு வந்தார். வாங்கினது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மூன்று கோணிப்பையில் அள்ளிக்கொண்டு வந்தார் என்பதுதான் சரி. அதைக் கழுவி, லேத்தில் கடைந்து, புது பிஸ்டன் போட்டு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதோடு உட்கார்ந்து, கடைசியில் ஓட வைத்தார். ஓட வைத்ததோடு விட்டாரா? சோழவரம் ரேஸில் விடப்போகிறேன் என்றார்.

சோழவரத்தில் பழைய விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. வருஷா வருஷம் அறுப்பு முடிகிற சமயத்தில் அங்கே மோட்டார் ரேஸ் நடக்கும். எங்கிருந்தெல்லாமோ பெரிய இடத்துப் பிள்ளைகள் வருவார்கள். பம்ப்செட் ரிப்பேர்காரர் வண்டியை யார் ஓட்டுவது என்று நான் கேட்டு முடிக்கும் முன்னே என் தம்பி திருமலை கையைத் தூக்கிவிட்டான். அவனுக்கு அப்போது இருபத்து மூன்று வயசு, எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிட்டர் வேலை. அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயசு. அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அடித்துத் துரத்தியது எல்லாம் நான். எனக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. அவன்தான்.

"இன்ஜினு நடுவுல நின்னுபோச்சின்னா இன்னா ஆவும்?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

வேறு ஆளாக இருந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லி வாயை அடைத்திருப்பார். இவருக்கு இன்ஜின் விஷயத்தில் பொய் வராது.

"சும்மா நின்னா ஒண்ணியும் ஆவாது. எண்ணெ பத்தாம சூட்டுல பிஸ்டன் சிலிண்டர கடிச்சிகினு நின்னுச்சின்னா, பின்சக்கரமும் அப்பிடியே பூட்டிக்கும். எண்பது மைல் வேகத்துல சக்கரம் பூட்டுச்சின்னா ஆள தூக்கிப் போட்ரும்."

"தூக்கிப் போட்டா?"

அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்து வைத்தார். அப்புறம் மெதுவாக, "அது கடிக்காது மே. எண்ணெ சரியா இருந்தா கடிக்காது. அது எம் பொறுப்பு. உன் தம்பிய முழுசா கூட்டிகினு வந்து உன் கையில குடுப்பேன்" என்றார். அந்த வார்த்தைக்குத்தான் நான் சம்மதித்தேன்.

எண்ணெய் சரியாக இருந்தால் என்றாரே, அந்த எண்ணெயைத் தேடத்தான் என் தோசைக்கல் பலியானது. ஒரு நாள் பொழுது சாய நான் கடைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், பட்டறையில் பம்ப் ஸ்டவ் மேல் என் தோசைக்கல். அதன் மேல் கரண்டி கரண்டியாக நாலு வித எண்ணெய். பக்கத்தில் என் தம்பி ஒரு ஆணியைக் கொறடில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் போட்ட சத்தத்தில் ஸ்டவ்வே அணைந்திருக்க வேண்டும்.

"இரு மே, இத்த மட்டும் பாரு" என்றார் அவர். கல்லைக் கனியக் கனியக் காய்ச்சினார். கடையில் விற்கிற கெட்டி இன்ஜின் ஆயில் தண்ணீராக இளகி ஓடிப் புகைந்தது. ஆணியை அதன் மேல் இழுத்தால் கிரீச் என்று கல்லைக் கீறியது. கடலை எண்ணெய் கருகியது. நல்லெண்ணெய் முதலில் அப்பளம் பொரிக்கிற வீட்டு வாசனை அடித்தது, கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிப் பிசின் மாதிரி ஆகி ஆணியையே பிடித்துக்கொண்டது. விளக்கெண்ணெய் மட்டும் அத்தனை சூட்டிலும் கல்லை விடவில்லை. ஆணி அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனது.

"பாத்தியா? சூடு ஏற ஏற இது இரும்ப கெட்டியா புடிச்சிக்கும். சீமையில ரேஸு வண்டிக்கெல்லாம் ஆமணக்கு எண்ணெதான். அந்த டின்னு நமக்கு எங்க கெடைக்கும்? நம்ம ஆரணி செக்குல கெடைக்குதே, அத்த வச்சி நாமளே பண்ணிக்கலாம்."

"அப்போ தெனமும் இத்தயே ஊத்தி ஓட்டலாமே?"

"ஊஹூம். இதுவும் ரொம்ப நாள் உள்ள கெடந்தா பிசினாயிரும். ரேஸு முடிஞ்சதும் சூட்டோட வடிச்சிரணும். வேற எந்த எண்ணெயோடயும் சேக்கக் கூடாது."

அந்தத் தோசைக்கல்லைத் தேய்க்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், எந்த எண்ணெய் காய்ந்தால் எந்த வாசனை அடிக்கும் என்பது அன்றைக்கு என் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பக்கத்து ஊர் ஆரணியில் முதல் ஆட்டு விளக்கெண்ணெய் ஒரு காலன் வாங்கினார். அதில் ஈரம் இருக்கக் கூடாது என்று காய்ச்சினார். மெல்லிசு துணியில் நாலு தடவை வடித்தார். நாற்பது நாள் அசையாமல் தெளிய வைத்தார். தெளிந்ததை ஒரு டின்னில் ஊற்றி, வாயில் சிவப்புத் துணி கட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்தார். "இத்த யாரும் தொடக் கூடாது" என்றார். பிரசவித்த வீட்டில் குழந்தையைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

இன்ஜினுக்கு எத்தனை சக்தி என்று அளக்க அவரிடம் மெஷின் கிடையாது. பட்டறைக்குப் பின்னால் எங்கள் கிணறு இருக்கிறது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்திலிருந்து பம்புக்கு பெல்ட் மாட்டிவிடுவார். குழாயில் தண்ணீர் எத்தனை தூரம் எகிறி விழுகிறதோ, அதை வைத்து இன்ஜினின் பலத்தைச் சொல்லுவார். பொங்கலுக்கு அப்புறம் ஒரு நாள் தண்ணீர் தொட்டியைத் தாண்டி வெளியில் போய் விழுந்தது. அன்றைக்குத் திருமலை என்னைத் தூக்கிச் சுற்றினான். மெட்ராஸ் ரேஸ் குழு ஒன்று இந்த ரேஸில் அவனைப் பார்த்து, நன்றாக ஓட்டினால் தங்கள் வண்டிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அவன் அதைச் சொல்லிச் சொல்லியே இளைத்துப்போனான்.

ரேஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பக்கத்து வீட்டு அங்காளம்மாள் அக்கா ஒரு படியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

அங்காளம்மாள் அக்காவுக்கு நாலு ஏக்கர் நஞ்சை, எங்கள் கிணற்றில் கால் பங்கு. எனக்கு டைபாய்டு வந்து பதினேழு நாள் கிடந்தபோது, என் வீட்டுக்காரர் கஞ்சி வைக்கக்கூடத் தெரியாமல் முழித்தபோது, இந்த அக்காதான் ராவும் பகலும் இருந்து என்னைப் பிழைக்க வைத்தாள்.

"முத்தம்மா, துவர ரெண்டு மூட்ட வந்துகீது. வெளக்கெண்ண தடவி வக்கலன்னா வண்டு உழுந்துரும். ஆரணிக்கு போவ ஆளு இல்ல. ஒரு படி குடும்மா, ரெண்டு நாள்ல குட்த்துர்றேன்."

சமையல்கட்டில் இருந்தது கால் பாட்டில். கட்டிலுக்கு அடியில் இருந்தது ஒரு காலன். வண்டியின் எண்ணெய்த் தொட்டி பாதி காலனுக்கு மேல் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். மிச்சம் எப்படியும் கிடக்கத்தானே போகிறது? பதினேழு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு படி எண்ணெய் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சிவப்புத் துணியை அவிழ்த்து, படி நிறைய ஊற்றிக் கொடுத்தேன். "திருப்பி எல்லாம் தர வேணாங்கா" என்றும் சொன்னேன்.

வியாழக்கிழமை நான் ரேஷன் கடையிலிருந்து வரும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "எண்ணய கட்டிலடி டின்னுல ஊத்திட்டேம்மா. நாளைக்கி வெள்ளிக்கெழம ஆச்சே."

வாங்கின எண்ணெய் வெள்ளிக்கிழமையைத் தாண்டித் தன் வீட்டில் கிடந்தால் லட்சுமி கோபித்துக்கொள்வாள் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவர் வடித்த எண்ணெயில் வடிக்காத எண்ணெய் கலந்துவிட்டதே! உடனே அவரிடம் ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் துணியை அவிழ்த்தாய் என்று கேட்பார். அவர் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை, முகம் சுருங்கிப்போகும், அவ்வளவுதான். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதுவும் ஆரணி விளக்கெண்ணெய்தானே, அதே செக்குதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் செய்த தப்பு கொடுத்ததில் இல்லை. இந்த வாயை மூடிக்கொண்டதுதான் தப்பு. வேண்டாத நேரத்தில் எல்லாம் பேசுகிற வாய், அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோழவரத்தில் திருவிழாக் கூட்டம். லாரி லாரியாக ஜனம் வந்து இறங்கியது. ரேஸ் வண்டிகள் நிற்கிற இடத்தில் பொம்பளை நான் ஒருத்திதான். பக்கத்தில் ஜோசப் என்று ஒரு பையன், பெரம்பூர்க்காரன், அவனும் அன்றைக்கு ஓட்டுகிறவன். தன்னிடமிருந்த சீமை எண்ணெய் டின்னைக் காட்டிக்கொண்டிருந்தான். அது அவன் வண்டிக்கு மட்டும்தான் போதும். திருமலை யாரிடமோ இரவல் வாங்கின தோல் சட்டையைப் போட்டுக்கொண்டு வியர்த்து நின்றான். சட்டை அவனுக்கு இரண்டு சுற்றுப் பெரிது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது.

விளக்கெண்ணெய் ஆறியிருந்தால் பாகு மாதிரி இருக்கும். வண்டியைக் கிளப்பும் முன்னே அதை வெதுவெதுப்பாக்கித்தான் ஊற்ற வேண்டும். என் வீட்டுக்காரர் பம்ப் ஸ்டவ்வைப் பற்ற வைத்து, குண்டானில் டின்னைக் கவிழ்த்தார். அன்றைக்கு அவருக்கும் கை பரபரத்தது, ஸ்டவ்வைக் கொஞ்சம் அதிகமாகவே எரியவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் காற்று என் பக்கம் திரும்பியது. அப்பளம் பொரிக்கிற வீட்டு வாசனை.

அங்காளம்மாள் அக்காவிடம் விளக்கெண்ணெய் ஏது? ஆரணிக்குப் போக ஆள் இல்லை என்றுதானே என்னிடம் வந்தாள்? அவள் வீட்டில் இருப்பது எள்ளு. போன வருஷத்து எள்ளை ஆட்டிக் குடம் குடமாக வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் திருப்ப வேண்டும் என்று தன் வீட்டு நல்லெண்ணெயைத் தூக்கி ஊற்றியிருக்கிறாள். வாங்கினதைவிட ஒசத்தியானதைக் கொடுத்திருக்கிறாள், மகராசி.

தம்பி தலைக்கவசத்தை எடுத்து மாட்டினான். குண்டானைக் கந்தல் துணியால் பிடித்து அவர் தூக்கினார்.

"ஊத்தாதீங்க" என்றேன்.

"இன்னா?"

"ஊத்தாதீங்க. அதுல நல்லெண்ண கலந்துகீது."

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. துணியை அவிழ்த்தது, படி நிறைய ஊற்றிக் கொடுத்தது, வியாழக்கிழமை திரும்பி வந்தது, வாயை மூடிக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் அத்தனை ஆம்பளைகள் நடுவில் ஒப்பித்தேன். அவமானத்தில் காது எரிந்தது. அவர் குண்டானைக் கீழே வைத்தார். ஒரு சொட்டை விரலில் தொட்டுத் தேய்த்தார், மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்து பார்த்தார்.

"அவ்ளோ ஒண்ணும் வாசன வரலியே மாமா" என்றான் திருமலை. "கொஞ்சூண்டுதானே கலந்துகீது? பத்து ரவுண்டு. இருவது நிமிசம் கூட ஆவாது. ஊத்துங்க."

"ஒரு காலன்ல ஒரு படின்னா மூணுல ஒரு பங்கு, கொஞ்சூண்டு இல்ல மாப்ள."

"அப்ப கடையில விக்கிற ஆயில ஊத்துங்க. ஜோசப் கையில அந்த ஆயிலும் ஒரு டின்னு ஸ்பேர் கீது."

"நம்ம பிஸ்டனுக்கு தலமுடி அளவு இடம்தான் உட்டிருக்கேன். விளக்கெண்ணய நம்பி உட்ட இடம் அது. அந்த ஆயில் சூட்டுல தண்ணியாயிரும்."

"நான் ஓட்றேன் மாமா. எனக்கு பயம் இல்ல."

"எனக்கு கீது" என்றார் அவர். வண்டியின் முன்னால் கட்டியிருந்த நம்பர்த் தகட்டை ஸ்பேனரால் கழற்றினார். அவசரமே படாமல், ஒவ்வொரு திருகாக. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற திருமலை, தோல் சட்டையைக் கழற்றித் தரையில் போட்டான்.

"மோந்து பாத்து ரேஸ நிறுத்தினவ உலகத்துலயே நீ ஒருத்திதாங்கா" என்றான் என்னிடம். கூட்டத்தில் புகுந்து போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் ஓடுதளத்தில் வண்டிகள் கிளம்பின சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

அதற்கப்புறம் மூன்று வாரம் அவன் என் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எண்ணூரிலிருந்து வந்து மீன் குழம்பு கேட்கிறவன். கூட்டுரோட்டு டீக்கடைக்கு வருவான், கூப்பிடு தூரத்தில் இருக்கிற எங்கள் வீட்டுப் பக்கம் திரும்ப மாட்டான். மெட்ராஸ் குழு வேறு யாரையோ எடுத்துக்கொண்டது என்று டீக்கடைக்காரர் சொன்னார். தன் அக்கா பயந்த சுபாவம், அவள் மூக்கை நம்பி மாமாவும் பயந்துவிட்டார், ஊற்றி ஓட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று தம்பி எல்லாரிடமும் சொன்னானாம்.

அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கூட்டத்தில் யாராவது பஜ்ஜி போட்டிருந்தால்? அந்த வாசனையை நான் குண்டானில் ஏற்றிச் சொல்லியிருந்தால்? அங்காளம்மாள் அக்காவிடம் போய் "நீ ஊத்தினது இன்னா எண்ண" என்று ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. கேட்டால் அவளுக்குத் தெரிந்துபோகும். தன் எண்ணெயால் என் தம்பியின் ரேஸ் போயிற்று என்று தெரிந்தால் அந்த அக்கா அன்னம் தண்ணி இறங்காமல் கிடப்பாள். என் வீட்டுக்காரரோ ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருப்பேன். அந்தக் குண்டான் எண்ணெயை மறுபடியும் டின்னில் ஊற்றி, சிவப்புத் துணி கட்டி, பட்டறை மூலையில் வைத்திருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவரே டீக்கடைக்குப் போய்த் திருமலையைக் கையோடு கூட்டி வந்தார். அவன் வேலி ஓரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்கவில்லை. வண்டி கிணற்றங்கரையில் ஸ்டாண்டில் ஏறியிருந்தது, பின்சக்கரத்திலிருந்து பம்புக்கு பெல்ட் மாட்டியிருந்தது. அவர் ஸ்டவ்வைப் பற்ற வைத்து, அந்த டின்னைக் குண்டானில் கவிழ்த்துச் சுட வைத்தார். வெதுவெதுப்பானதும் வண்டியின் எண்ணெய்த் தொட்டியில் ஊற்றினார்.

அந்த எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டப் போகிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "வேணாங்க" என்று ஓடினேன். "ரெண்டு வருச ஒழப்புங்க அது!"

"தள்ளிக்கோ மே" என்றார். வண்டியைக் கிளப்பி, சூடேற விட்டு, பெல்ட்டை இழுத்துக் கட்டி, ஆக்ஸிலரேட்டர் கைப்பிடியை முழுசாகத் திருகிக் கம்பியால் கட்டிவிட்டார்.

காது கிழிகிற சத்தம். தண்ணீர் குழாயிலிருந்து எகிறித் தொட்டியைத் தாண்டி விழுந்தது. வாய்க்கால் நிரம்பி, எங்கள் கொல்லையைக் கடந்து, அங்காளம்மாள் அக்காவின் நிலத்துக்குள் ஓடியது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. இன்ஜின் சந்தோஷமாக ஓடியது. ஏழு நிமிஷம். திருமலை முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தான். 'பார்த்தாயா?' என்று கேட்கிற பார்வை.

அப்போது நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நின்று தொலையேன், கடித்துக்கொள்ளேன் என்று அந்த இன்ஜினைப் பார்த்து வேண்டினேன். அடுத்த நொடி அவர் முகத்தைப் பார்த்தேன். காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார், சன்னிதியில் நிற்கிறவர் மாதிரி. ஐயோ, ஓடு, நிற்காமல் ஓடு, நான் பொய்க்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று வேண்டினேன். எந்த வேண்டுதலைச் சாமி எடுத்துக்கொண்டதோ தெரியவில்லை.

ஒன்பதாவது நிமிஷம் புகையின் வாசனை மாறியது. எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவர் நகரவில்லை. பத்தாவது நிமிஷம் முடியும்போது ஒரே ஒரு சத்தம், அரிவாளைக் கல்லில் ஓங்கிப் போட்ட மாதிரி. பெல்ட் அறுந்து பறந்து வேலியில் போய் விழுந்தது, திருமலைக்கு இரண்டு அடி தள்ளி. சக்கரம் நின்றுவிட்டது. மெதுவாகச் சுற்றி நிற்கவில்லை. சுற்றிக்கொண்டிருந்தது, அப்புறம் நின்றிருந்தது, அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் ஒழுகி அடங்கியது.

திருமலை நடந்து வந்தான். பின்சக்கரத்தைக் காலால் தள்ளிப் பார்த்தான். இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினான். அசையவில்லை. பத்து நிமிஷம் என்றால் அவன் எந்த ரவுண்டில் இருந்திருப்பான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பான் போல. அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏங்க இப்பிடி பண்ணீங்க?" என்று நான் அழுதேன். "இன்ஜினு போச்சே!"

அவர் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "உன்னோட பொறந்தவன் உன்ன நம்பாம சுத்தினு இருந்தா, இத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது? இன்ஜின மறுபடியும் கடையலாம் மே."

அந்த நேரம் பார்த்து வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு அங்காளம்மாள் அக்கா வந்தாள். இடுப்பில் ஒரு கிண்ணம். முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம நெலத்துக்கும் தண்ணி வந்துச்சி நைனா! எள்ளு வெரைக்கலாம்னு பாத்துகினு இருந்தேன். ஏன் நின்னுபோச்சி?"

"பெல்ட்டு அறுந்துபோச்சிக்கா" என்றார் என் வீட்டுக்காரர். பொய் இல்லை, பெல்ட்டும் அறுந்துதான் கிடந்தது.

"போவட்டும், வந்தவரைக்கும் போதும்." அக்கா என் பக்கம் திரும்பினாள். "முத்தம்மா, அர மூட்ட துவர இன்னும் பாக்கி கீது. கொஞ்சம் வெளக்கெண்ண இருந்தா குடேன். போன தபா நான் உனக்கு நல்லெண்ணயே ஊத்தினேன், பாத்தல்ல? வெளக்கெண்ண கெடைக்கல. நல்லதாத்தான் குடுப்போமேன்னு முதல் ஆட்டு எண்ணயா பாத்து ஊத்தினேன்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். திருமலைதான் எழுந்தான். அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு என் சமையல்கட்டுக்குப் போனான். மூன்று வாரமாக மிதிக்காத படி. பாட்டிலில் இருந்த விளக்கெண்ணெயை ஒரு சொட்டு விடாமல் கிண்ணத்தில் வடித்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.

"திருப்பித் தர வேணாம் பெரிம்மா."

"அதெப்பிடி நைனா? வாங்கினா குடுக்கணும்ல? நாங்க இன்னா அப்பிடிப்பட்டவங்களா?" அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "வியாழக்கெழம கொண்டாந்து ஊத்திர்றேன்" என்று சொல்லிக்கொண்டே படலைச் சாத்திவிட்டுப் போனாள்.

அவள் போனதும் முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர்தான். திருமலைக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியில் உடைந்துவிட்டது. முதுகைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

"அக்கா" என்றான், திரும்பாமலே. "சோறு கீதா?"

"கீது. மீன் கொழம்பு வச்சிகீறேன்" என்றேன். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. "மொதல்ல போய் கைய கழுவு. எண்ணக் கையோட என் சட்டிய தொட்ட, கைய ஒடச்சிருவேன்."

கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.